மெஷின் லேர்னிங் ஆய்வில் முதல் ஆறு மாதம்: எதை முதலில் செய்வது, எதைத் தள்ளிப்போடுவது

தொண்டியிலிருந்து மூக்கையூர் வரையுள்ள கடலோர ஊர்களிலிருந்து முதுகலை ஆய்வுக்கும் முனைவர் பட்டத்துக்கும் வரும் மாணவர்களோடு உட்கார்ந்து வேலை பார்த்திருக்கிறேன். அவர்கள் சிக்கிக்கொள்வது பெரும்பாலும் கணக்கிலோ கோடிலோ (நிரலிலோ) அல்ல, வேலையின் வரிசையில்தான். முதல் வாரமே மாடலை (தரவிலிருந்து கற்கும் நிரலை) ஓட்டிவிடுகிறார்கள். என்ன கேட்கிறோம், பதிலை எப்படி அளக்கப் போகிறோம் என்ற யோசனை நாலாவது மாதம் வருகிறது. அதற்குள் எடுத்த எண்களில் பாதியைத் தூக்கிப் போட வேண்டியதாகிவிடுகிறது.

இந்த வழிகாட்டி முழுக்க ஒரே உதாரணத்தை வைத்துக்கொள்கிறேன்: மீன் இறங்குதளத்தில் போனில் எடுத்த படத்தைப் பார்த்து, 12 வகைகளில் அது எந்த மீன் என்று சொல்லும் மாடல். உங்கள் தலைப்பு கடல்பாசி மிதவையை எண்ணுவதாக இருக்கலாம், காரங்காட்டு அலையாத்திக் காட்டை வரைபடமாக்குவதாக இருக்கலாம். வரிசை மாறாது.

1. தொடங்கும் முன் இருக்க வேண்டியவை

பைதான் நிரல்மொழியும் அதன் எண்கணக்கு நூலகமான நம்பையும் பழகியிருக்க வேண்டும். மாடல்களைப் பயிற்றும் நூலகமான பைடார்ச்சில் ஒரு பயிற்சிச் சுற்றை எங்கிருந்தும் நகலெடுக்காமல் சொந்தமாக எழுதத் தெரிய வேண்டும். கணக்கில் அணிப் பெருக்கல், சங்கிலி விதி, நிபந்தனை நிகழ்தகவு, திட்ட விலக்கம் ஆகியவை தடுமாறாமல் வந்தால் தொடங்கலாம். விட்டுப்போனதை இணையவழி என்பிடெல் பாடங்களில் இலவசமாகப் பிடித்துவிடலாம்.

இங்கேயே ஒரு பொதுவான தவறு நடக்கிறது. ஒரு கோர்ஸ் முடிந்ததும் இன்னொன்று, அப்புறம் இன்னொன்று என்று ஆறு மாதம் ஓடிவிடுகிறது. ஒரு மாதத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மீதியைத் தேவை வரும்போது படித்தால்தான் மனதில் தங்கும்.

ஜிபியு (பயிற்சியை வேகப்படுத்தும் சில்லு) உள்ள கணினி வாங்கக் கடன் வாங்க வேண்டாம். கூகுளின் இணையக் கணினிச் சேவையான கோலாப் இலவசமாகத் தரும் டி4 ஜிபியுவில் 16 ஜிபி நினைவகம் இருக்கிறது. முதல் ஆறு மாத வேலைக்கு அது போதும். கேகல் தளமும் வாரத்துக்குச் சுமார் 30 மணி நேரம் தருகிறது. ஆனால் கோலாப் எப்போது வேண்டுமானாலும் இணைப்பைத் துண்டிக்கும். மழைக்காலத்தில் நம் பக்கம் கரண்டும் நெட்டும் சேர்ந்தே போகும். அதனால் ஒவ்வொரு எபாக் (பயிற்சித் தரவு முழுவதையும் ஒருமுறை கடக்கும் சுற்று) முடிவிலும் மாடலின் நிலையை கூகுள் டிரைவில் சேமிக்கும்படி எழுதுங்கள். எழுதியதும், ஓட்டத்தை நடுவில் வேண்டுமென்றே நிறுத்தி, விட்ட இடத்திலிருந்து தொடர்கிறதா என்று பாருங்கள். சோதித்துப் பார்க்காத சேமிப்பை நம்ப முடியாது.

போன் படங்களை அப்படியே மேலேற்றினால் நாள் முழுக்க ஏறிக்கொண்டிருக்கும். சின்னப் பக்கம் 256 பிக்சல் வருமாறு உங்கள் கணினியிலேயே சுருக்கி ஏற்றுங்கள். 5,000 படங்கள் சில நூறு எம்பிக்குள் அடங்கிவிடும். மூலப் படங்கள் தனி டிஸ்க்கில் யார் கையும் படாமல் இருக்கட்டும்.

கிட் (கோப்புகளின் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கும் கருவி) முதல் நாளிலிருந்தே வேண்டும். 'கடைசி', 'கடைசி2', 'சரியான கடைசி' என்று கோப்புகள் பெருகிய பிறகு, எந்தக் கோடு எந்த எண்ணைத் தந்தது என்று எழுதியவருக்கே தெரியாமல் போய்விடும்.

2. கேள்வியை ஒரே வரியில் எழுதுங்கள்

'டீப் லேர்னிங் மூலம் மீன் இனங்களைக் கண்டறிதல்' என்பது தலைப்புதான், கேள்வி ஆகாது. அதற்கு ஆம், இல்லை என்றோ, இவ்வளவு என்றோ பதில் சொல்ல முடியாது. 'ராமேசுவரத்தில் எடுத்த படங்களில் பயின்ற மாடல் கீழக்கரைப் படங்களில் எவ்வளவு தடுமாறும்? கீழக்கரையின் 50 படங்களைச் சேர்த்தால் அந்தத் தடுமாற்றம் எவ்வளவு குறையும்?' என்பது கேள்வி. எந்தப் பதில் வந்தாலும் அது ஒருவருக்குப் பயன்படும். இதுதான் நல்ல கேள்விக்கு நான் வைக்கும் சோதனை. 'நம் மாடல் ஜெயித்தால் கட்டுரை, தோற்றால் ஒன்றுமில்லை' என்று அமைந்த கேள்வியைப் புதிதாக வருபவர் எடுக்கவே கூடாது.

கேள்வியை உறுதிசெய்யும் முன் இரண்டு விடியற்காலையாவது இறங்குதளத்தில் போய் நில்லுங்கள். மீன் பிரிக்கும் அக்காமார்களிடம் கேளுங்கள். "என்ன மீனுன்னு எங்களுக்குத் தெரியாதா தம்பி, கூடையில எத்தனை கிலோ இருக்குன்னு உன் போன் சொல்லுமா?" என்ற மாதிரி ஒரு பதில் வந்தால் உங்கள் தலைப்பே மாறிப்போகலாம். அது முதல் மாதத்தில் மாறுவது நல்லது.

3. வாசிப்பு: குறைவாக, ஆனால் கையை வைத்து

முதலில் துறையைத் தொகுத்துச் சொல்லும் கட்டுரை ஒன்று. அடுத்து, கோடு வெளியிடப்பட்ட கட்டுரைகளில் உங்கள் கேள்விக்கு மிக நெருக்கமான ஒன்று. மற்றவையெல்லாம் அதற்கப்புறம்.

ஒரு கட்டுரையை எடுத்ததும் சுருக்கம், படங்கள், அட்டவணைகள், முடிவு ஆகியவற்றை மட்டும் 10 நிமிடம் பாருங்கள். பெரும்பாலானவற்றை அங்கேயே விட்டுவிடலாம். மீதியை ஒரு மணி நேரம் படியுங்கள். வரிவரியாகப் படிக்க வேண்டியவை இரண்டு மூன்றுதான் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் மூன்று வரி எழுதி வையுங்கள்: என்ன கேட்டார்கள், எந்தத் தரவில் பார்த்தார்கள், எதோடு ஒப்பிடாமல் விட்டார்கள். உங்கள் ஆய்வுக்கான இடம் பெரும்பாலும் அந்த மூன்றாவது வரியில் கிடைக்கும்.

அப்புறம் அந்த நெருக்கமான கட்டுரையின் கோடை இறக்கி, அவர்கள் தரவிலேயே ஓட்டி, அவர்கள் சொன்ன எண் உங்கள் கையில் வருகிறதா என்று பாருங்கள். 'ஏற்கெனவே செய்ததை நான் ஏன் செய்ய வேண்டும்' என்று பலர் இதைத் தாண்டிப் போகிறார்கள். சொந்தத் தரவில் எண் மோசமாக வந்தால் குற்றம் தரவிலா, கோடிலா, பழகாத கையிலா என்று அவர்களால் பிரிக்க முடிவதில்லை. தெரிந்த விடையை ஒருமுறை எடுத்துவிட்டால், அந்த மூன்று சந்தேகங்களில் இரண்டு அடங்கிவிடும்.

ஆய்வாளர்கள் தாங்களே கட்டுரைகளை ஏற்றும் ஆர்க்கைவ் தளத்தில் இருப்பவை சக ஆய்வாளர் மதிப்பீடு முடிந்தவை என்று எண்ண வேண்டாம். ஐசிஎல்ஆர் மாநாட்டுக் கட்டுரைகளின் மதிப்புரைகள் ஓப்பன் ரிவ்யூ தளத்தில் வெளிப்படையாகவே கிடைக்கின்றன. கட்டுரையைப் படித்து உங்கள் கேள்விகளை எழுதிக்கொண்டு, பிறகு அந்த மதிப்புரைகளைப் படியுங்கள். குறை கண்டுபிடிக்கக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது. அரசுக் கல்வி நிறுவனங்களுக்கு 2025 ஜனவரியிலிருந்து 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தில் இதழ்கள் திறந்திருக்கின்றன. உங்கள் நிறுவனக் கணக்கில் அது வேலை செய்கிறதா என்று நூலகரிடம் முதல் வாரமே கேட்டுவிடுங்கள்.

4. தரவு: அனுமதி முதலில், படம் பிறகு

இறங்குதளத்தில் படகு உரிமையாளரிடமும் சங்கத்தாரிடமும் என்ன எடுக்கிறீர்கள், எதற்கு என்று சொல்லிவிட்டு எடுங்கள். மனிதர்களின் முகம் படத்தில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். போன் படத்துக்குள் எடுத்த இடமும் நேரமும் பதிந்திருக்கும். நேரம் உங்களுக்கு வேண்டும். இடத்தை ஊர் அளவில் மட்டும் குறித்துக்கொண்டு, வெளியிடும் படத்திலிருந்து நீக்கிவிடுங்கள். கடல் பசு, கடல் குதிரை, கடல் அட்டை போன்ற பாதுகாக்கப்பட்ட உயிர்கள் படத்தில் இருந்தால், அவை எங்கே இருக்கின்றன என்ற விவரம் பொதுவெளிக்குப் போகவே கூடாது. வேட்டைக்காரருக்கும் அதே தரவு பயன்படும்.

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் வருகின்றன. வனத்துறை அனுமதி இல்லாமல் அங்கே போய்ப் படம் எடுக்கத் திட்டமிடாதீர்கள். ட்ரோன் என்றால் இன்னும் கவனம் வேண்டும். உச்சிப்புளியில் கடற்படையின் விமானத்தளம் இருக்கிறது. 2021 ட்ரோன் விதிகளின்படி, பறக்கவிட நினைக்கும் இடம் எந்த மண்டலத்தில் வருகிறது என்று வரைபடத்தில் பார்த்த பிறகே ட்ரோனை வாங்குவது பற்றி யோசியுங்கள். அனுமதிக்கு மாதக்கணக்கில் ஆகலாம், அதனால் விண்ணப்பத்தை முதலிலேயே போட்டுவிட வேண்டும்.

அடுத்தது பெயரிடுதல். இறங்குதளத்தில் 'காரல்' என்று ஒரே சொல்லில் சொல்வது வகைப்பாட்டில் பல இனங்கள். உங்கள் மாடல் ஊர்ப் பெயர் அளவில் பிரிக்கப் போகிறதா, அறிவியல் பெயர் அளவிலா என்று முதலிலேயே முடிவுசெய்து, ஒவ்வொரு வகைக்கும் மாதிரிப் படத்தோடு ஒரு பக்கக் குறிப்பு எழுதுங்கள். பிறகு இரண்டு பேர் ஒருவரை ஒருவர் பார்க்காமல் அதே 200 படங்களுக்குப் பெயரிடட்டும். இருவரும் எவ்வளவு ஒத்துப்போகிறார்கள் என்பதைத் தற்செயலைக் கழித்துச் சொல்லும் கோஹன் காப்பா எண்ணைக் கணக்கிடுங்கள். இரண்டு மனிதர்களே அடிக்கடி வேறுபடும் வகையில் மாடலிடம் 99% எதிர்பார்ப்பதில் பொருளில்லை. அவர்கள் வேறுபட்ட படங்களைத் தூக்கி எறியாமல் தனிக் கோப்பில் வையுங்கள், ஆய்வின் சுவாரசியமான பகுதி அங்கே இருக்கலாம்.

5. பிரிப்பு: இங்கேதான் அதிக நேரம் செலவிட வேண்டும்

தரவைப் பயிற்சிக்கு, சரிபார்ப்புக்கு, சோதனைக்கு என்று மூன்றாகப் பிரிக்கச் சொல்லித்தருகிறார்கள். எல்லாரும் ஒரே வரிக் கோடில் குலுக்கிப் போட்டு 70, 15, 15 என்று பிரித்துவிடுகிறார்கள். நான் பார்த்த வீணான முடிவுகளில் பெரும்பகுதி இந்த ஒரு வரியிலிருந்து வந்தவைதான்.

ஏன் என்று பார்ப்போம். இறங்குதளத்தில் ஒரு கூடையை யாரும் ஒரு படத்தோடு விடுவதில்லை. கொஞ்சம் சாய்த்து, கொஞ்சம் தள்ளி, எட்டுப் பத்துப் படம் எடுக்கிறோம். குலுக்கிப் பிரித்தால் அதே கூடையின் ஆறு படம் பயிற்சியிலும் இரண்டு படம் சோதனையிலும் விழும். மாடல் மீனைக் கற்க வேண்டியதில்லை. நீலக் கூடை, ஓரத்தில் இருக்கும் ஐஸ் துண்டு, ஈரத் தரையின் பளபளப்பு இவற்றை நினைவில் வைத்தாலே போதும். 98% வரும், எல்லாரும் மகிழ்வார்கள், அடுத்த ஊருக்குப் போனதும் சரிந்துவிடும். இப்படி விடை கசிவதற்குத் தரவுக் கசிவு என்று பெயர். புதியவர்கள் மட்டும் செய்யும் தவறும் அல்ல இது. 2023-ல் வெளியான ஓர் ஆய்வு, 17 துறைகளில் 294 கட்டுரைகளை இத்தகைய கசிவு பாதித்திருப்பதைத் தொகுத்துக் காட்டியது.

ஆகவே படத்தை அலகாக வைத்துப் பிரிக்காதீர்கள். குறைந்தபட்சம் கூடையை அலகாக வையுங்கள். இன்னும் நல்லது, நாளை அலகாக வைப்பது. விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாள் கடலுக்குப் போய் மறுநாள் காலை திரும்பும் இறங்குதளத்தில், அந்தக் காலையின் படங்களுக்கெல்லாம் ஒரே வெளிச்சம், ஒரே தரை, ஒரே கூடைகள். ஒரு காலை முழுவதும் ஒரே பக்கம் போகட்டும்.

அடுத்து காலம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. விசைப்படகுகள் கரையில் நிற்கும், நாட்டுப்படகு மீன் மட்டும் வரும். எந்த மீன் எவ்வளவு வருகிறது என்ற விகிதமே மாறிவிடும். ஜனவரி முதல் மார்ச் வரையில் பயின்ற மாடலைத் தடைக்காலத்துப் படங்களில் சோதித்தால் வரும் எண்தான், மாடலை நாளைக்கு ஒருவர் பயன்படுத்தினால் கிடைக்கப்போகும் எண்ணுக்குக் கிட்டத்தில் இருக்கும்.

மூன்றாவது இடம். பாம்பன் பாலத்துக்கு வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. இரண்டு கடலின் மீனும் வலையும் முழுக்க ஒன்றல்ல. மண்டபம் வடக்கில் பயின்று கீழக்கரையிலோ ஏர்வாடியிலோ சோதிப்பது தனியான, கடினமான சோதனை.

இந்த மூன்றில் எது உங்கள் சோதனை என்பது 2-ஆம் படியில் எழுதிய கேள்வியிலிருந்து வர வேண்டும். பிரித்ததும் கோப்புப் பட்டியலை எழுதிக் கிட்டில் சேர்த்துவிடுங்கள். சோதனைத் தரவை வேறு கோப்புறைக்கு மாற்றி, கடைசிவரை திறக்காதீர்கள். 'சும்மா ஒருமுறை பார்ப்போம்' என்று ஒவ்வொரு மாற்றத்துக்கும் திறந்து பார்த்தால், உங்கள் தேர்வுகள் வழியாகவே விடை கசிந்துவிடும். அன்றாடத் தேவைக்குச் சரிபார்ப்புத் தரவு இருக்கிறது.

6. அளவுகோலை மாடலுக்கு முன் எழுதுங்கள்

உங்கள் படங்களில் 60% சூடை மீன் என்றால், எல்லாவற்றையும் சூடை என்று சொல்லும் மாடலுக்கே 60% துல்லியம் கிடைக்கும். எனவே ஒவ்வொரு வகைக்கும் தனித்தனியே எஃப்1 மதிப்பு (சொன்னதில் எவ்வளவு சரி, இருந்ததில் எவ்வளவு பிடித்தது என்ற இரண்டையும் சேர்த்த அளவு) எடுத்துச் சராசரி போடும் மேக்ரோ எஃப்1-ஐயும், எந்த மீனை எதுவாகக் குழப்புகிறது என்று காட்டும் குழப்ப அணியையும் சேர்த்தே கொடுங்கள்.

அப்புறம் பிழை எல்லை. 400 சோதனைப் படங்களில் 90% வந்தால், அதன் 95% நம்பிக்கை இடைவெளி ஏறக்குறைய 87 முதல் 93 வரை. 91% எடுத்த இன்னொரு மாடல் இதை வென்றுவிட்டதாகச் சொல்ல அந்த எண் மட்டும் போதாது. இந்தக் கணக்கும் ஒவ்வொரு படமும் தனித்தனி என்று வைத்துப் போட்டது. 400 படமும் 20 காலைகளில் எடுத்தவை என்றால் உண்மையான இடைவெளி இன்னும் அகலம். காலைகளை அலகாக வைத்து பூட்ஸ்ட்ராப் (இருக்கும் தரவிலிருந்தே திரும்பத் திரும்ப மாதிரி எடுத்துக் கணக்கிடுவது) செய்யுங்கள்.

7. முதலில் எளிய மாடல், அதிலும் மூன்று சோதனை

சராசரி நிறத்தை மட்டும் கொடுத்து லாஜிஸ்டிக் ரிக்ரஷன் என்ற எளிய வகைப்படுத்தும் மாடலை ஓட்டுங்கள். அதுவே நன்றாக வந்தால் சந்தோஷப்படாதீர்கள், கூடையின் நிறத்தைக் கண்டுபிடித்திருக்கலாம். 5-ஆம் படிக்குத் திரும்புங்கள்.

அடுத்தது படங்களை வகைப்படுத்தும் வலைப்பின்னலான ரெஸ்நெட்-18. சுமார் 1.17 கோடி அளவுருக்கள் (பயிற்சியில் மாறும் எண்கள்). இமேஜ்நெட் என்ற பெரிய படத் தொகுப்பில் ஏற்கெனவே பயின்றதை எடுத்து, கடைசி அடுக்கை 12 வகைக்கு மாற்றினால் போதும். புதிய, பெரிய மாடல்களின் மேல் ஆசை வருவது இயல்பு. ஆனால் பெரிய மாடலில் ஒரு ஓட்டம் நாளெல்லாம் எடுக்கும். இதில் ஒரு மதியத்துக்குள் பலமுறை தவறு கண்டுபிடித்துத் திருத்தலாம்.

ஓட்டும் முன் மூன்று சோதனைகள்:

பயிற்சி தொடங்கும் முன் லாஸ் (மாடலின் பிழையை அளக்கும் எண்) எவ்வளவு? 12 வகைக்கும் சமமாகச் சந்தேகப்படும் மாடலின் கிராஸ் என்ட்ரோபி லாஸ் 12-ன் இயல் மடக்கை, அதாவது ஏறத்தாழ 2.48. அதன் அருகில் இல்லாமல் 9, 10 என்று தொடங்கினால் கடைசி அடுக்கிலோ லேபிளிலோ (படத்துக்கு இட்ட பெயரிலோ) ஏதோ கோளாறு.

16 படங்களை மட்டும் கொடுத்துத் திரும்பத் திரும்பப் பயிற்றுங்கள். லாஸ் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வர வேண்டும். 16 படத்தையே மனப்பாடம் செய்ய முடியாத கோடு 5,000 படத்தில் எதையும் கற்காது.

லேபிள்களைக் குலுக்கிவிட்டு ஓட்டுங்கள். சரிபார்ப்புத் துல்லியம் குருட்டு ஊகத்தின் அளவுக்கு விழ வேண்டும், விழாவிட்டால் கசிவு. பயிற்சித் துல்லியம் மட்டும் ஏறிக்கொண்டே போவதைப் பார்த்து மயங்க வேண்டாம். குலுக்கிய லேபிளைக்கூட ஆழ் வலைப்பின்னல்கள் முழுக்க மனப்பாடம் செய்துவிடும் என்பது 2017-லேயே காட்டப்பட்டுவிட்டது.

எண் வந்தபின், தவறாகச் சொன்ன 100 படங்களை எடுத்துக் கண்ணால் பாருங்கள். மங்கலான படம், தவறான லேபிள், பாதி மறைந்த மீன் என்று பிரித்து எழுதுங்கள். அடுத்து எதை மாற்றுவது என்பதை அந்தப் பட்டியல் சொல்லிவிடும்.

8. ஒரு நேரத்தில் ஒரே மாற்றம்

லேர்னிங் ரேட் (ஒவ்வொரு அடியிலும் மாடல் எவ்வளவு மாறுகிறது என்ற அளவு), ஆக்மென்டேஷன் (படங்களைத் திருப்பி, வெட்டிப் பெருக்குவது), மாடல் மூன்றையும் ஒரே நாளில் மாற்றி 3% ஏறினால், எதனால் ஏறியது என்று சொல்ல முடியாது. மதிப்பீட்டாளர் கேட்கும் முதல் கேள்வியே அதுதான்.

ஒரு அட்டவணை போதும்: தேதி, கிட் கமிட் எண், என்ன மாற்றினேன், ஏன் மாற்றினேன், என்ன எதிர்பார்த்தேன், என்ன வந்தது, சீட் எண் (ஓட்டத்தின் தற்செயல் தேர்வுகளைத் தீர்மானிக்கும் எண்). 'என்ன எதிர்பார்த்தேன்' என்பதை ஓட்டத்துக்கு முன்னால் நிரப்புங்கள். பிறகு நிரப்பினால் மனம் அதைத் திருத்திவிடும். அதே அமைப்பை ஐந்து வேறு சீட் எண்களில் ஓட்டி, சராசரியும் திட்ட விலக்கமும் கொடுங்கள். நல்லதாக வந்த ஒன்றை மட்டும் எழுதுவது நேர்மையல்ல. உங்கள் மாடலுக்கு மாதம் முழுக்க மெருகேற்றிவிட்டு, ஒப்பிடும் மாடலை அதன் இயல்பு அமைப்பில் ஒருமுறை ஓட்டுவதும் அப்படித்தான். இரண்டுக்கும் ஒரே அளவு தேடுதல் நேரம் கொடுங்கள்.

9. நெறியாளரைப் பார்க்கப் போகும்போது

ஒரு பக்கம் எழுதி எடுத்துப் போங்கள்: சென்ற வாரம் கேட்ட கேள்வி, ஒரு வரைபடம், தடையாக இருப்பது, அடுத்து செய்ய நினைப்பது. மோசமான எண்களை மறைத்து, நல்லது வரும்வரை சந்திப்பைத் தள்ளிப்போடுபவர்கள் அதிகம். அய்யா திட்டுவார் என்ற பயம் புரிகிறது. ஆனால் பிரிப்பில் உள்ள கோளாறை மூன்றாம் வாரம் காட்டினால் ஒரு நாளில் சரியாகும், மூன்றாம் மாதம் காட்டினால் எல்லா ஓட்டத்தையும் மறுபடி ஓட்ட வேண்டும்.

10. எழுதுவதும் அனுப்புவதும்

முதல் மாதமே ஒரு கோப்பைத் திறந்து, கேள்வி, தரவு, பிரிப்பு ஆகிய மூன்று பகுதிகளையும் எழுதிவிடுங்கள். முடிவு அட்டவணையைக் கட்டங்களோடு வெறுமையாக வரைந்து வையுங்கள். எந்தக் கட்டம் காலியாக இருக்கிறதோ அதுதான் அடுத்த வேலை. தரவு எந்தெந்த ஊரில், எந்தெந்த மாதம், எந்தப் போனில் எடுக்கப்பட்டது, எங்கே இந்த மாடல் உதவாது என்பதைத் தனிப் பத்தியாகச் சொல்லுங்கள்.

எங்கே அனுப்புவது என்பதில் ஏமாறாதீர்கள். 'மூன்றே நாளில் ஏற்பு, கட்டணம் செலுத்தவும்' என்று வரும் மின்னஞ்சல்களைத் திறக்காமலே அழித்துவிடலாம். தரமான இதழ்களைக் குறித்த யுஜிசி கேர் பட்டியலையும் 2025 பிப்ரவரியில் நிறுத்திவிட்டார்கள், அதனால் இதழை எடைபோடும் பொறுப்பு உங்களுக்கும் நெறியாளருக்கும்தான். நீங்கள் வாசித்து மதித்த கட்டுரைகள் எங்கே வெளிவந்தன என்று பட்டியலிடுங்கள். ஜேஎம்எல்ஆர், டிஎம்எல்ஆர் போன்ற இதழ்கள் ஆசிரியரிடம் கட்டணம் வாங்குவதில்லை. பெரிய மாநாட்டின் முதன்மை அரங்குக்கு முன், அதனோடு நடக்கும் பயிலரங்கு ஒன்றுக்கு நான்கு பக்கக் கட்டுரை அனுப்பினால் வெளியாட்களின் கருத்து சீக்கிரம் கிடைக்கும்.

அனுப்பும் நாளுக்கு முன், ஆய்வைப் பற்றித் தெரியாத ஒரு நண்பரிடம் கோடைக் கொடுத்து, புதிய கோலாப் பக்கத்தில் தொடக்கத்திலிருந்து ஓட்டச் சொல்லுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து உதவாதீர்கள். அவர் எங்கெல்லாம் நின்றுபோகிறாரோ, அந்த இடங்களையெல்லாம் வாசிப்புக் கோப்பில் (README) எழுதிச் சேருங்கள். பதிப்பு எண்களோடு நிரல் நூலகங்களின் பட்டியல், பிரிப்புக் கோப்புகள், ஐந்து சீட் எண்கள், அட்டவணையின் ஒவ்வொரு எண்ணையும் எடுக்கும் கட்டளை ஆகிய நான்கும் அதில் இருக்க வேண்டும்.